முப்பது நாளா, இருபது நாளா? அறுவை சிகிச்சைக்குப் பிறகான கதிர்வீச்சு பற்றி ஒரு திறந்த மடல்

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான சிகிச்சை நெறிமுறைகளை எழுதும் மருத்துவர்களுக்கும், கதிர்வீச்சுச் சோதனைகளை வடிவமைக்கும் ஆய்வுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை. கதிர்வீச்சுக் கருவியை இயக்கும் தொழில்நுட்பர். பதினெட்டு ஆண்டுகளாக இதுதான் வேலை. நோயாளியைப் படுக்க வைத்து, முகத்தின் மேல் மாஸ்க்கைப் பொருத்தி, கோடுகளைச் சரிபார்த்து, கனத்த கதவை மூடிவிட்டு வெளியே வந்து பொத்தானை அழுத்துகிறவள். உங்கள் நெறிமுறையில் '60 கிரே, 30 தவணை' (கிரே என்பது கதிரின் அளவு, தவணை என்பது ஒரு முறை கொடுக்கும் பங்கு) என்று ஒரே வரியில் முடிந்துவிடுவது எங்கள் அறைக்குள் முப்பது காலைகளாக வந்து சேர்கிறது. அந்தக் காலைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயிலும் தொண்டையிலும் கழுத்திலும் அறுவை சிகிச்சை முடித்து வருகிறவர்களுக்கு ஆறு வாரக் கதிர்வீச்சுக்குப் பதிலாக நான்கு வாரம் போதுமா? இந்தக் கேள்வியை, அறுவை சிகிச்சை ஆனவர்களை மட்டுமே வைத்து, பெரிய அளவில், ஒரு முடிவு தெரியும் வரை சோதித்துப் பாருங்கள். போதும் என்று தெரிந்தால் நெறிமுறையை மாற்றுங்கள். போதாது என்று தெரிந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நாங்கள் முப்பதையே மனநிறைவோடு செய்வோம். இரண்டும் தெரியாமல் ஆண்டுக் கணக்கில் முப்பது முப்பதாகப் போய்க்கொண்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்களிடம் வருகிற எல்லோரும் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: "எத்தனை கரண்ட் வைக்கணும்?" நாக்கில் பாதியை எடுத்துவிட்டு வந்தவருக்கு அதைக் கேட்கவும் வாய் வராது. விரல்களை விரித்துக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். நான் பத்து விரலையும் மூன்று முறை விரித்துக் காட்டுவேன். சில பேர் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். சில பேர் கூட வந்தவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் பயம் மட்டும் இருக்காது. வேலைக்கு என்ன சொல்வது, யார் கூட வருவது, குழந்தையை யாரிடம் விடுவது என்று ஒரு வீட்டின் கணக்கு முழுக்க அதில் இருக்கும்.

இவர்கள் ஏற்கெனவே ஒரு பெரிய அறுவை சிகிச்சையைத் தாண்டி வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. காதுக்குக் கீழிருந்து நெஞ்செலும்பு வரை தழும்பு ஓடும். தொடையிலிருந்தோ முன்கையிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ சதை எடுத்து வாய்க்குள் வைத்துத் தைத்திருப்பார்கள். தோள் சரியாகத் தூக்க வராது. மூச்சுக்குழாயில் துளை போட்டது அப்போதுதான் மூடியிருக்கும், சிலருக்கு இன்னும் மூடியிருக்காது. அந்த நிலையில் மல்லாந்து படுத்து, முகத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் வலையை மேசையோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டு, எச்சிலை விழுங்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவார்கள்.

இரண்டாவது வாரத்தின் கடைசியில் ருசி போகும். மூன்றாவது வாரம் வாய்ப்புண் ஆரம்பிக்கும். எச்சில் வற்றி, பிசின் மாதிரி நூல் நூலாக இழுக்கும். நான்காவது வாரம் கழுத்துத் தோல் கறுத்து உரியும். ஐந்தாவது வாரத்தில்தான் நாற்காலிகள் காலியாகத் தொடங்கும். நேற்று வந்தவர் இன்று வரமாட்டார். போன் செய்தால் எடுப்பது வீட்டில் வேறு யாராவதாக இருக்கும். "ரொம்ப முடியலைங்க, ரெண்டு நாள் கழிச்சு வரோம்." அந்த இரண்டு நாள் நான்காகும், ஆறாகும்.

ஒருவரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நாக்கில் அறுவை சிகிச்சை, கழுத்தின் ஒரு பக்க நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். இருபத்திரண்டாவது நாள் வரை ஒரு நாள் தவறாமல் வந்தார், தினமும் விரலால் மிச்சத்தை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் படுப்பார். இருபத்து மூன்றாம் நாள் வரவில்லை. ஒன்பது நாள் கழித்து மூக்கில் குழாயோடு வந்தார். உடம்பு இளைத்து மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிட்டது, புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று, மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். முப்பதையும் முடித்தார். ஆனால் காலண்டரில் ஆறு வாரம் எட்டு வாரத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அதே கழுத்தில் நோய் திரும்பியது. அந்த ஒன்பது நாள்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த இடைவெளி எதற்கு ஆபத்தானது என்று உங்கள் துறையின் ஆய்வுகள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தன.

1988இல் விதர்ஸ், டெய்லர், மசியெயெவ்ஸ்கி மூவரும் வெளியிட்ட கணக்கு அது. கதிர்வீச்சு தொடங்கிச் சுமார் நான்கு வாரம் ஆனதும், சாகாமல் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் நீளும்போதும், அந்தப் பெருக்கத்தை ஈடுகட்ட மட்டுமே சுமார் 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதாவது ஐந்தாவது, ஆறாவது வாரங்களில் நாங்கள் கொடுக்கும் 2 கிரேயில் ஒரு பங்கு ஓடுகிற தண்ணீரில் எழுதிய எழுத்தாகப் போய்விடுகிறது. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் தலை, கழுத்துப் புற்றை முதல் வகையில் வைத்து, மொத்தக் காலம் இரண்டு நாளுக்கு மேல் நீளக் கூடாது என்று கறாராகச் சொல்வதும் இதனால்தான்.

அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு இந்தக் கடிகாரம் இன்னும் முன்னாலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆங் என்ற மருத்துவரின் குழு 2001இல் வெளியிட்ட சோதனை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கதிர்வீச்சு எத்தனை வாரம் என்பதை மட்டும் பார்க்காமல், கத்தி வைத்த நாளிலிருந்து கடைசிக் கதிர்வீச்சு வரையான மொத்த நாட்களையும் அவர்கள் எண்ணினார்கள். அது 11 வாரத்துக்குள் முடிந்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்தது கூடுதல். 13 வாரத்தைத் தாண்டியவர்கள் நிலைதான் மோசம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அறுவை சிகிச்சையிலிருந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும் என்பது இன்றைய நெறி. சரி, ஆறாவது வாரம் சரியாகத் தொடங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். 30 தவணைக்கு ஆறு வாரம். மொத்தம் 12. நெறிமுறையை ஒரு புள்ளி பிசகாமல் கடைப்பிடித்தவர்கூட 11 வாரத்துக்குள் முடிக்க முடியாது! நடப்பில் ஆறு வாரத்துக்குள் தொடங்குவதே பாதிப் பேருக்கு வாய்க்காது. புண் ஆறவில்லை, பல் பிடுங்க வேண்டும், பயாப்ஸி அறிக்கை வரவில்லை, கருவியில் இடமில்லை என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். 20 தவணை என்றால் நான்கு வாரம். ஆறும் நான்கும் பத்து. ஒரு வாரம் தவறினாலும் சமாளிக்க இடம் இருக்கிறது. இந்த எளிய கூட்டல்தான் பல ஆண்டுகளாக என் மனதை அரிக்கிறது.

முப்பது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். தவணையாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் 1920களில் பாரிசில் ரெகோ, கூட்டார் போன்றவர்களின் காலத்திலிருந்து வருகிறது. ஒரே அடியாகக் கொடுத்தால் தோலும் சளிச்சவ்வும் தாங்காது, பிரித்துக் கொடுத்தால் குரல்வளைப் புற்றைக்கூட கத்தி இல்லாமல் குணப்படுத்தலாம் என்று காட்டினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு கிரே வேண்டும் என்பதை 1993இல் பீட்டர்ஸ் குழு முறையாக ஆராய்ந்தது. அதில் ஒரு நாளுக்கு 1.8 கிரே. 2004இல் ஒரே இதழில் வெளியான இரண்டு பெரிய சோதனைகள், ஐரோப்பாவின் பெர்னியே குழுவினதும் அமெரிக்காவின் கூப்பர் குழுவினதும், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்த்தால் பயனுண்டா என்று பார்த்தன. இரண்டிலும் கதிர்வீச்சு 60 முதல் 66 கிரே, 30 முதல் 33 தவணை. இவற்றில் எதிலும் 'முப்பது நாளா, இருபது நாளா' என்பது கேள்வியாக இல்லை. முப்பது அங்கே கேள்விக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் வீடு கட்டினோம், மாடி கட்டினோம், அஸ்திவாரத்தை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

காலத்தைக் குறைக்கும் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆங் குழு 63 கிரேயை ஏழு வாரத்திலும் ஐந்து வாரத்திலும் கொடுத்துப் பார்த்தது. ஐந்து வாரத்தின் பக்கம் சாய்வு தெரிந்தது, அறுதியாக நிரூபணமாகவில்லை. 2005இல் இத்தாலியக் குழு ஒன்றும் ஐந்து வாரத்தை முயன்றது, மொத்தத்தில் வித்தியாசம் வரவில்லை. ஆனால் இந்த இரண்டிலும் காலத்தைச் சுருக்கியது ஒரே நாளில் இரண்டு தவணை கொடுத்து. வாரம் குறைந்தது, படுக்கும் தடவை குறையவில்லை. காலையில் ஒரு முறை, ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு முறை, நடுவில் நோயாளி காத்திருப்பு அறையில் சுவரில் சாய்ந்து கிடப்பார். நான் கேட்பது அதுவல்ல. தவணைக்குக் கொஞ்சம் கூட்டி, தவணைகளைக் குறைப்பது.

அதற்கான கணக்கை, கதிரின் அளவைத் திட்டமிடும் எங்கள் பிசிசிஸ்ட் ஒரு மாலை எனக்குப் பொறுமையாகப் போட்டுக் காட்டினார். நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். 60 கிரேயை 30 தவணையில் கொடுத்தால் புற்றணுவுக்கு அது 60தான். ஆனால் நான்கு வாரத்துக்குப் பிந்தைய 12 நாட்களுக்கு, நாளுக்கு 0.6 என்று விதர்ஸ் கணக்கில் கழித்தால் நிற்பது சுமார் 53. 50 கிரேயை 20 தவணையில், அதாவது நாளுக்கு 2.5 கிரேயாகக் கொடுத்தால் புற்றணுவின் பார்வையில் அது சுமார் 52. அது நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால் கழிக்க எதுவும் இல்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

புற்றணுவின் கதை இது. மெதுவாகப் பழிவாங்கும் திசுக்களின் கதை வேறு. தாடை எலும்பு, கழுத்துத் தசை, நரம்பு, விழுங்கும் தசைகள் ஆகியவை ஒரு நாளைய அளவு கூடினால் அதிகமாகக் காயப்படும், காயம் ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். 50 கிரே 20 தவணை என்றால் அவற்றுக்கு அது சுமார் 55 கிரேக்குச் சமம், அதாவது இன்றைய 60ஐவிடக் குறைவு. 55 கிரே 20 தவணை என்றால் சுமார் 63, அதாவது இன்றையதைவிடக் கூடுதல். அதே இருபது நாள்தான். ஒன்று மென்மையாக இருக்கலாம், இன்னொன்று கடுமையாக இருக்கலாம். அதனால் 'இருபது நாள் போதும்' என்று மட்டும் பேசுவதற்கு ஒரு பொருளும் இல்லை. இருபது நாளில் எவ்வளவு, எந்த இடத்துக்கு எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். விதர்ஸ் கணக்கே கட்டி இருக்கிறவர்களை வைத்துப் போட்டது. கட்டியை வெட்டி எடுத்த பிறகு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் துகள்களுக்கு அது அப்படியே பொருந்துமா என்பதைத் தாளில் போட்டுத் தீர்க்க முடியாது. மனிதர்களோடு, அவர்கள் சம்மதத்தோடு, முறையாகச் செய்யும் சோதனைதான் பதில் சொல்லும்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. டென்மார்க்கின் டஹான்கா குழு வாரத்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறு தவணை கொடுத்து, அதே முறையைப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் சோதனையில் வசதி குறைந்த மையங்களிலும் செய்து பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த முடிவில், ஐந்தாண்டு முடிவில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். ஒரு வாரம் முன்னதாக முடித்ததன் பலன் அது, வேறு மருந்தோ புதிய கருவியோ இல்லை. அதே முகமையின் ஹிப்னோ சோதனை இன்னும் ஒரு படி மேலே போய், 55 கிரேயை 20 தவணையில் நான்கு வாரத்தில் கொடுத்து, 33 தவணையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. 2023இல் அறிவித்த முடிவு: குறுகிய அட்டவணை தாழ்ந்ததல்ல. அதைப் படித்த அன்று நான் இரவு வெகுநேரம் தூங்கவில்லை. ஆனால் அது கட்டி இருக்கும்போதே கதிர்வீச்சையே முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களிடம் செய்தது. என் மேசையில் தையல் தழும்போடு படுக்கிறவர்களிடம் செய்ததல்ல.

இந்த வித்தியாசம் சிறியதில்லை, அதனால்தான் தனிச் சோதனை கேட்கிறேன். வெட்டித் தைத்த கழுத்தில் ரத்த ஓட்டம் முன்போல இருக்காது. நிணநீர் வடிகால் அறுந்திருப்பதால் முகமும் தாடைக்கு அடியும் வீங்கும். தாடை எலும்பை அறுத்துத் தகடு வைத்து இணைத்திருந்தால், அந்த இடத்தில் கதிர் பட்டு எலும்பு செத்துப்போகும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். அப்படி எலும்பு வெளியே தெரிய, ஐந்து ஆண்டு கழித்து வந்த ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். நோய் திரும்பவில்லை, ஆனால் அவரால் வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. அவரிடம் போய் 'பத்து நாள் மிச்சம்' என்று சொன்னால் அது அவருக்கு என்ன ஆறுதல்? குறுகிய அட்டவணைக்காக ஏங்குகிறவள்தான் நான். அந்த அம்மாவின் முகம்தான் என்னை அவசரப்பட விடாமல் பிடித்து நிறுத்துகிறது.

அதனால் சோதனையை இரண்டு ஆண்டில் மூடிவிடாதீர்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டில் தெரிந்துவிடும், எலும்பும் தசையும் அப்போது பேசத் தொடங்கியிருக்காது. ஐந்து ஆண்டாவது பின்தொடருங்கள். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளந்து எழுதுங்கள். 35க்குக் கீழே போனால் அது வாய்ப்பூட்டு என்று ஏற்றுக்கொண்ட அளவு ஏற்கெனவே இருக்கிறது, ஒரு அளவுகோலும் ஒரு நிமிடமும் போதும். விழுங்குவதைப் பாருங்கள், கழுத்து திரும்புகிறதா என்று பாருங்கள், மூக்குக் குழாய் எத்தனை நாள் இருந்தது என்று குறியுங்கள். மருத்துவர் 'இரண்டாம் நிலைப் பாதிப்பு' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அவரையே கேளுங்கள்: மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா, போனில் பேசினால் எதிர்முனையில் புரிகிறதா? அவர்களுக்கு இதுதான் வாழ்க்கை.

எண்ணுவதை அறுவை சிகிச்சை நாளிலிருந்து எண்ணுங்கள். எட்டாவது வாரம் தொடங்குகிறவரையும் ஐந்தாவது வாரம் தொடங்குகிறவரையும் ஒரே கூடையில் போட்டால், குறுகிய அட்டவணையின் நன்மை தாமதமாக வந்தவர்களிடம் இருந்தாலும் கண்ணில் படாமல் போய்விடும்.

சிஸ்பிளாட்டின் பற்றியும் யோசிக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருந்தாலோ, முடிச்சின் உறையைக் கிழித்து நோய் வெளியே வந்திருந்தாலோ கதிர்வீச்சோடு மருந்தும் கொடுக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற பழைய முறைக்கு, வாரம் 40 என்ற முறை தாழ்ந்ததல்ல என்று ஜப்பானின் ஜேசிஓஜி 1008 சோதனை 2022இல் காட்டியது, அதுவும் அறுவை சிகிச்சை ஆனவர்களிடமே. மொத்தம் 200 ஆவது போய்ச் சேர வேண்டும் என்பார்கள். நான்கு வாரத்தில் வாரம் 40 என்றால் 160தான் ஆகும். அந்தக் குறையை எப்படிச் சரிசெய்வது, நாளுக்கு 2.5 கிரேயோடு மருந்தும் சேர்ந்தால் சளிச்சவ்வு தாங்குமா என்பதெல்லாம் என் அறிவுக்கு எட்டாத விஷயம். மருந்து தேவைப்படாதவர்களோடு முதலில் தொடங்கி, மருந்து தேவைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சோதனை நடத்தினால் இரண்டு பேருக்கும் நியாயமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். கருவி வரிசை நீளம் என்பதால் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால் நாங்கள் கொதித்துப் போவோம், அதே சமயம் வரிசை நீளம் என்பது பொய்யும் இல்லை. இரண்டு பேருக்கு முப்பது நாள் என்றால் அறுபது இடம். அதே அறுபதில் மூன்று பேருக்கு இருபது நாள் கொடுத்துவிடலாம். அந்த மூன்றாவது ஆள் எங்கோ இருக்கும் கற்பனை ஆள் அல்ல. அறுவை சிகிச்சை முடிந்து ஏழாவது வாரமாகத் தேதிக்காகக் காத்திருக்கிறவர், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த 11 வாரக் கணக்கில் கழிகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பேருக்குத் தலை, கழுத்துப் புற்று வருகிறது, கருவி குறைவாக உள்ள நாடுகளிலேயே அவர்களில் பெரும் பங்கு வாழ்கிறார்கள். ஆக வரிசை ஒரு காரணமாக இருக்கலாம், அதுவே முழுக் காரணமாகிவிடக் கூடாது. பெருந்தொற்று வந்த 2020இல் ஆளும் நேரமும் இல்லாமல் எத்தனையோ இடங்களில் அட்டவணைகளைச் சுருக்கினார்கள். நெருக்கடியில் எடுத்த முடிவைக் குறை சொல்ல மாட்டேன். நெருக்கடி தீர்ந்த பிறகு அதைச் சோதித்து உறுதிசெய்வதுதான் அப்போது படுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.

தவணைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முறை உள்ள இடங்களில், தவணை குறைந்தால் மருத்துவமனைக்கு வருமானம் குறையும். இதை மேடையில் யாரும் பேசுவதில்லை, காரிடாரில் எல்லோரும் பேசுகிறார்கள். சிகிச்சை முழுவதற்கும் சேர்த்து ஒரே தொகை என்று மாற்றச் சொல்லும் செல்வாக்கு உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

மார்பகப் புற்றுக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்து வாரம்தான் வழக்கம். மூன்று வாரம் போதும் என்று கனடாவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுப் பின்தொடர்தலோடு காட்டினார்கள், அப்புறம் 2020இல் ஃபாஸ்ட் ஃபார்வர்டு சோதனை 26 கிரேயை ஐந்தே தவணையில், ஒரே வாரத்தில் கொடுத்துக் காட்டியது. புராஸ்டேட்டுக்கு 20 தவணை இன்று சாதாரணம். இந்த மாற்றங்களெல்லாம் என் கண்முன்னே நடந்தன. அப்போதெல்லாம் தலை, கழுத்து நோயாளிகளின் பக்கம் திரும்பிப் பார்த்து, இவர்களுக்கு எப்போது என்று நினைத்துக்கொள்வேன். கழுத்தில் நுணுக்கமான உறுப்புகள் நெருக்கமாக இருப்பதால் தயக்கம் நியாயம்தான். ஆனால் இப்போது கருவிகளும் மாறிவிட்டன. எச்சில் சுரப்பியைத் தவிர்த்து, தண்டுவடத்தை வளைந்து தாண்டி, தினமும் படம் பிடித்துச் சரிபார்த்துக் கொடுக்கிறோம். ஆரம்ப நிலை வாய்ப் புற்றில், வெட்டிய ஓரம் சந்தேகமாக இருந்தவர்களுக்கு 36 கிரேயை ஆறே தவணையில் கொடுத்துப் பார்க்க பிரான்ஸில் ஸ்டீரியோ போஸ்ட்டாப் என்ற சோதனையே தொடங்கினார்கள். யாரோ ஒருவர் துணிந்து கேட்டால் வழி பிறக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஒரு எச்சரிக்கை, அறைக்குள் நிற்பவள் என்ற முறையில். வாய்ப்புண் கடைசித் தவணையன்று உச்சத்தில் நிற்பதில்லை, முடிந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் உச்சம் வரும். ஆறு வார அட்டவணையில் அந்தப் புண்ணின் பெரும்பகுதியை நாங்கள் தினமும் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம், "தண்ணீர் இறங்குதா?" என்று கேட்கிறோம், மருந்து மாற்றித் தருகிறார்கள். நான்கு வாரத்தில் முடித்து அனுப்பினால் மிக மோசமான நாட்கள் அவருடைய வீட்டில்தான் கழியும், யாரும் பார்க்காமல். குறுகிய அட்டவணை என்று எழுதும்போதே, முடிந்த பிறகு மூன்று வாரத்துக்கு யார் போன் செய்வது, எந்த நாள் நேரில் பார்ப்பது, வலி மருந்தை யார் கூட்டிக் கொடுப்பது என்று அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். பல் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஊட்டச்சத்து நிபுணரும் முதல் நாளுக்கு முன்பே நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும். ஆறு வாரத்தில் மூன்றாவது வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற சோம்பலுக்கு நான்கு வாரத்தில் இடமே இருக்காது.

சோதனையை வடிவமைக்கும்போது எங்களையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு கருவி அறையிலும் ஒரு பதிவேடு இருக்கிறது, கணினியிலோ நோட்டிலோ. யார் எந்தத் தேதியில் வந்தார், எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை, எந்த நாள் கருவி பழுது, எந்த நாள் மாஸ்க் பொருந்தாமல் திருப்பி அனுப்பினோம் என்று எல்லாம் அதில் இருக்கும். வெளியாகும் ஆய்வுகளில் 'சராசரி சிகிச்சைக் காலம்' என்று ஒரு எண்தான் வருகிறது, அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் எங்கள் பதிவேட்டோடு நின்றுவிடுகின்றன. பெயர்களை மறைத்து அதைத் தொகுத்துத் தர என்னைப் போன்றவர்கள் தயார். நானே என் ஓய்வு நேரத்தில் என் அறையின் பக்கங்களை எண்ணத் தொடங்கியிருக்கிறேன். தவறிய நாட்களில் எத்தனை இருபதாவது தவணைக்குப் பிறகு வருகின்றன என்பதுதான் நான் முதலில் எண்ணுவது.

நாளைக் காலை எட்டரை மணிக்கு என் மேசையில் படுக்கப் போகிறவருக்கு இது பத்தொன்பதாவது. அவர் நேற்று ஒரு கையை விரித்தும் மூடியும் மிச்சத்தை எண்ணிக் காட்டினார். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
கதிர்வீச்சுப் பிரிவுத் தொழில்நுட்பர் ஒருவர்